மிச்சம் பிடித்த மின்சாரம்

அக்கா பார்வையற்றவள், வக்கீல். வழக்குக் குறிப்புகளை விரலால் தடவிப் படிக்க ஒரு கருவி வைத்திருந்தாள். மின்சாரம் பட்டதும் உள்ளே இருக்கும் பீசோ தகடுகள் வளைந்து, பிரெயில் புள்ளிகளை மேலே தள்ளும். காலையில் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் மூன்று மணிக்கெல்லாம் பேட்டரி படுத்துவிடும். ஒருநாள் குறுக்கு விசாரணையின் நடுவிலேயே புள்ளிகள் அத்தனையும் அமுங்கிப்போயின.

"எதிர்க்கட்சி வக்கீல் கனைச்சது மட்டும் நல்லாக் கேட்டுச்சு" என்றாள் வீட்டுக்கு வந்து.

தங்கைக்குச் சுருக்கென்றது. அந்தக் கருவியைச் செய்யும் கம்பெனியில் சர்க்யூட் வடிவமைப்பவளே அவள்தான். தகட்டை வளைக்கக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி, தகடு நிமிரும்போது வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு கம்பிச்சுருள் வழியாகத் திருப்பி வாங்கி, அடுத்த புள்ளிக்குக் கொடுக்க முடியும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தாள். இரண்டு வருஷம். எத்தனையோ போர்டுகள் புகைந்தன. கடைசியில், ஏழு மணி நேரம் தாக்குப்பிடித்த அதே பேட்டரி சோதனை மேசையில் இருபது மணி நேரம் ஓடியது.

"இனிமே நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாதாடலாம்க்கா!"

"ஜட்ஜ் தாங்குவாராடி?" என்று அக்கா சிரித்தாள்.

புது மாடல் தயாராகி வந்த அன்று தங்கை அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். காற்றாய் லேசாக இருந்தது. மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த பேட்டரி பழையதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

நேரே மேனேஜரிடம் போனாள்.

"ஏழு மணி நேரம் ஓடுதுன்னுதானே இத்தனை வருஷமா வாங்கினாங்க? அதையே குடுத்தாப் போதும்" என்றார் அவர். "எவ்ளோ மெலிசாயிடுச்சு பாருங்க! எல்லாம் உங்க புண்ணியம்."

"படிக்கிறவங்க மெலிசாக் கேக்கல சார். நேரம்தான் கேட்டாங்க."

"கடையில பாத்து வாங்கறது பெரும்பாலும் பார்வையில்லாதவங்களுக்கு மொத்தமா வாங்கித் தர்ற ஆபீஸ்காரங்கம்மா. அவங்களுக்குக் கண்ணு இருக்கு." சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். "அடுத்த மாடலுக்கு மின்செலவை இன்னும் பாதியாக் குறைச்சிடுங்க. பேட்டரியையும் பாதியாக்கிடலாம்."

அன்று சாயங்காலம் அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா புதுக் கருவியின் மேல் விரலை ஓட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைம்பாங்க. எனக்குக் கைக்கே எட்டலை" என்றாள். பிறகு, "பாதியாக் குறைன்னாரே, அதுக்கு நீ என்ன சொன்னே?"

"சரின்னுட்டேன்."

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். பழைய கருவியையே எடுத்து, மறுநாள் கோர்ட்டுக்காக சார்ஜில் போட்டாள்.