மோதிரவிரல் மடங்கவில்லை

"மெல்ல மடக்கும், பாப்பம்" என்றாள் துஷாந்தி.

ஆஸ்பத்திரி மேசையில் வைத்திருந்த பிரியவதனியின் இடது கையில் மற்ற விரல்கள் தயங்கித் தயங்கி வளைந்தன. மோதிரவிரல் மட்டும் நீட்டியபடியே கிடந்தது. போன புதன்கிழமை மடங்கிய விரல். துஷாந்திக்குக் காதுமடல் சூடேறியது. ஒரு மாதத்துக்கு முன் மாட்டுக்கு ஓலை வெட்டும்போது கத்தி உள்ளங்கையில் இறங்கி, நடுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்து, யாழ்ப்பாணத்தில் தைத்து எடுத்த கை அது. நாண் ஒட்டும்வரை ஒன்றையும் பிடிக்கக்கூடாது, தூக்கக்கூடாது, கையை அசையாமல் வைத்திருக்கும் பிளாஸ்ரிக் தாங்கியைக் கழற்றவே கூடாது என்று கிழமைக்குக் கிழமை சொல்லியிருந்தாள்.

"ஆர் தாங்கியைக் கழட்டினது?"

பிரியவதனி தலை குனிந்தாள். வாசல் கதிரையிலிருந்து அவளுடைய அண்ணன் சிவகரன்தான் பதில் சொன்னான். மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீட்டை ஊரில் செய்யவென்று லண்டனிலிருந்து நாரந்தனைக்கு வந்திருந்தான்.

"நான்தான் கழட்டினனான். பிள்ளைக்கு மாமிக்காரி இவளெல்லோ ஆலாத்தி எடுக்க வேணும். உதோடை நிண்டா வீடியோவுக்கு வடிவாயிருக்குமே? அரை மணித்தியாலம்தான்."

அந்த அரை மணித்தியாலத்துக்குள் ஆரத்திப் பித்தளைத் தட்டை இறுக்கிப் பிடித்த ஏதோ ஒரு கணத்தில் நாண் அறுந்திருக்கிறது. இவளும் நோவை விழுங்கிக்கொண்டு வீடியோவுக்குச் சிரித்திருப்பாள்.

"தைச்ச நாண் அறுந்து போச்சு. திருப்பி வெட்டித் தைக்க வேணும். அப்பவும் முந்தினமாதிரி வருமெண்டு சொல்லேலாது."

"நீர் டொக்டரோ?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பதின்மூன்று வருடம் போயிருந்தது. நேர்ஸோ, மசாஜ் செய்கிறவரோ என்பார்கள். கொழும்பில் படித்து, கையைத் தைக்கும் சத்திரசிகிச்சைப் பிரிவிலேயே ஆறு வருடம் நின்றவள். மெஷினில் நசிந்த கை, வெடியில் சிதறிய கை, நெருப்பில் சுருண்ட கை எல்லாம் அவள் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு மனிதன் மறுபடி தன் சட்டைக்குத் தானே பொத்தான் பூட்டும் வரைக்கும் கூட நிற்பதுதான் அவள் வேலை. இவனோ அரை மணித்தியால வீடியோவுக்காக அதை உடைத்துவிட்டு, கால்மேல் கால் போட்டபடி இருக்கிறான்.

"இல்லை. நான் கை தெரப்பிஸ்ற். டொக்டர் தைச்சதை உம்மட்டையிருந்து காப்பாத்திறது என்ரை வேலை. அது ஏலாமல் போச்சு."

சிவகரன் விருட்டென்று எழுந்து பொறுப்பு வைத்தியரிடம் போனான். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் அழைப்பு வந்தது.

"அவர் எங்கடை வாட்டுக்குக் கட்டில் தந்த மனிசன்" என்றார் வைத்தியர், முகத்தைப் பார்க்காமல். "யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிற கடிதத்திலை நோயாளி தானாக் கழட்டினவ எண்டு போட்டுவிடும். ஒருத்தருக்கும் பிரச்சினையில்லை."

"அவவுக்குப் பிரச்சினை, சேர். சொல்வழி கேளாத ஆளெண்டா ஆர் திருப்பிக் கத்தி வைப்பினம்?"

பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டாள். கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, பிரியவதனிக்கு வாசித்துக் காட்டினாள். 'தமையனார் கழற்றியதாகத் தெரிகிறது' என்ற இடத்தில் பிரியவதனி நிமிர்ந்தாள்.

"மிஸ், நான் கழட்ட வேண்டாமெண்டு சொன்னனான். ரெண்டு தரம் சொன்னனான். அதையும் எழுதுங்கோ."

துஷாந்தி எழுதினாள்.

நடுவிரலின் தையலாவது தப்ப வேண்டும். பழைய தாங்கி சிவகரனின் வான் வண்டிக்குள் வெயிலில் கிடந்து நெளிந்துவிட்டது. புதிய பிளாஸ்ரிக் தகட்டைச் சுடுதண்ணீரில் போட்டாள். அது துணிபோல இளகியதும் எடுத்து, துடைத்து, பிரியவதனியின் கையின்மேல் படியவிட்டாள். இப்போது அழுத்தக்கூடாது. கோபம் விரல் நுனிக்கு வந்தால் தகட்டில் குழி விழும், குழி தோலை வெட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தினாள்.

வெளியே சிவகரன் வானின் ஹோனை அடித்தான். பிரியவதனி அசையவில்லை. மறுபடியும் அடித்தான், இந்தமுறை கையை எடுக்காமல். இருவரின் கைகளுக்கும் நடுவே தகடு மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருந்தது.