அடக்கத்துக்குப் போன மகன்

சொந்த ஊரான நாரினிலிருந்து போன் செய்த அண்ணன் துராத், "அப்பா போயிட்டார்" என்று மட்டும் சொன்னான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

எமில்பெக் வெல்டிங் பட்டறையிலிருந்து நேரே சபைத் தலைவர் சாகினிடம் போனான். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பிறகு நாலு வருஷமாக அவன் ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சாகின் நல்ல மனுஷர். ஆனால் எதற்கும் ஒரு வசனத்தைக் கைவசம் வைத்திருப்பார்.

"போனா முல்லா ஓதுவாரு, நீயும் கையேந்தி நிக்கணும். செத்தவங்களைச் செத்தவங்களே அடக்கம் பண்ணட்டும்னு ஆண்டவரே சொல்லிட்டாரு எமில். இதுக்கு மேல என்ன வேணும்?"

வீட்டில் மனைவி ஜூரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வேதாகமத்தை எடுத்தாள்.

"அந்த ஒத்தை வரியோட இது முடிஞ்சு போச்சா? யாக்கோபு செத்தப்ப யோசேப்பு அப்பா முகத்துல விழுந்து அழுதான். ராஜாகிட்ட கேட்டுக்கிட்டு, எகிப்துக்காரங்க கூட்டத்தோடவே போய் அடக்கம் பண்ணினான். அவங்க என்ன நம்ம சபைக்காரங்களா?"

"அது பழைய ஏற்பாடு."

"சரி, புதுசுக்கே வாங்க. கடவுள் பேரைச் சொல்லிப் பெத்தவங்களைக் கைவிட்டவங்களை இயேசு என்ன திட்டு திட்டினாரு! சிலுவையில தொங்கும்போதும் அம்மாவை ஒருத்தர் கையில ஒப்படைச்சாரே. அவரா உங்கப்பாவை விட்டுடச் சொல்வாரு?"

"அப்ப அந்த வசனம் பொய்யா?"

"பொய்யில்ல. அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வர்றேன்னு கேட்ட அந்த ஆளு, அப்பாவைச் சாக்கு சொல்லி இயேசுகிட்டயிருந்து நழுவப் பார்த்தான். நீங்க அவரு வார்த்தையைச் சாக்கு வெச்சு உங்கண்ணன்கிட்டயிருந்து நழுவப் பார்க்கிறீங்க."

எமில்பெக்குக்குச் சுருக்கென்றது. சட்டையை மாற்றினான். அவள் மாவை மூடிவைத்துவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

கணவாய் தாண்டி ஊர் சேர்ந்தபோது முற்றத்தில் இழவுக் கூடாரம் எழும்பியிருந்தது. உள்ளே பெண்களின் ஒப்பாரி. வெளியே துக்க அடையாளமாக இடுப்பில் துணி கட்டி, கோலூன்றி நின்ற ஆண்கள். வருகிற ஆண்கள் வாசலிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு வருவது வழக்கம். தனக்கு அழுகை வராமல் போய்விடுமோ என்று வழியெல்லாம் பயந்திருந்தான். கூடாரம் கண்ணில் பட்டதுமே, "என்னைப் பெத்தவரே!" என்று குரல் பீறிட்டுவிட்டது.

சித்தப்பா காசிம் குறுக்கே வந்தார். "நம்ம தீன் மார்க்கத்தை விட்டுட்டுப் போனவனுக்கு இங்க என்னடா வேலை? உன் வேதம் உன்னை வர விட்டுச்சா?"

"போன்னுதான் சொல்லுது சித்தப்பா."

துராத் கோலை ஊன்றியபடியே சொன்னான்: "அழ வந்தவனை மறிக்காதீங்க." சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.

மறுநாள் இடுகாட்டில் தொழுகை வரிசை நின்றபோது எமில்பெக் ஒதுங்கி, தலையைக் குனிந்து தன் ஆண்டவரிடம் மன்றாடினான். யாரும் கூப்பிடவில்லை, விரட்டவுமில்லை. மண் தள்ளும் நேரத்தில் துராத் மண்வெட்டியை அவனிடம் நீட்டினான். எமில்பெக் தோள் கடுக்கும்வரை தள்ளினான்.

அன்று மாலை தரையில் விரித்த சாப்பாட்டுத் துணியைச் சுற்றி உட்கார்ந்தபோது துராத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அப்பா உன்னையே கேட்டுக்கிட்டிருந்தாரு. அவன் வேதம் அவனை வர விடமாட்டேங்குதுப்பான்னு சொல்லிச் சமாளிச்சேன்."

எமில்பெக் கையிலெடுத்த இறைச்சியைத் தட்டிலேயே வைத்தான்.

"அது விட்டுச்சுண்ணே. நான்தான் வரலை."

துராத் தட்டை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தான்.