நாயகனுக்கு முதலாளியின் மூஞ்சி

திவாலான வீடியோ கேம் கம்பெனியின் நாற்காலிகளும் கம்ப்யூட்டர்களும் ஏலத்தில் போய்விட்டன. கடைசியாக வந்தது கேம்; படங்கள், உரிமை எல்லாம் சேர்த்து. யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஓவியக்காரி கை தூக்கினாள்.

அந்த கேமின் நாயகனை வரைந்தவளே அவள்தான். நாயகனுக்குத் தன் முகத்தையே வைக்கச் சொன்னார் முதலாளி. மூக்கு சரியில்லை, தாடை எடுப்பாக இல்லை என்று நாலல்ல, நாற்பது முறை வரைய வைத்து உயிரை வாங்கினார். கேம் வெளியானபோது, உழைத்தவர்கள் பட்டியலில் அவள் பெயரைக் காணோம்.

"படம் போட்டவங்க பேரை எல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?" என்று சிரித்தவர், மறுவாரமே அவளை வேலையைவிட்டுத் தூக்கினார்.

ஏலம் அவள் பேருக்கு முடிந்ததும் முதலாளி பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தார்.

"நம்ம பொண்ணு கைக்கே போனதுல சந்தோஷம்மா. ஹீரோ மூஞ்சிய மட்டும் மாத்திடாத."

"ஒரு கோடுகூட மாத்த மாட்டேன் சார். அப்படியே எடுத்து, முதல் லெவல்ல எல்லாரும் மிதிச்சுட்டுப் போற தவளைக்கு ஒட்டப் போறேன்."

முதலாளி தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க. தவளைக்குக் கீழயே உங்க பேரையும் போடுறேன். அதை எல்லாரும் படிப்பாங்க."