இது என் ரத்தம்தான்

‘ரத்த மாதிரி மாறியிருக்கலாம். மீண்டும் எடுக்கவும்.’ என் ரத்தப் பரிசோதனை முடிவின்மேல் தலைமை அதிகாரி சிவப்பு மையில் இப்படி எழுதி வைத்திருந்தார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு வருஷம் இந்த ஆய்வகத்தில் ஊசி பிடித்தவள் நான். என் பெயரை நானே ஒட்டிய குழாயை மாற்றி வைக்க எனக்கென்ன புத்தி கெட்டா போயிற்று?

பழைய முடிவோடு புதியதைக் கணினி ஒப்பிடும். வித்தியாசம் பெரிதாக இருந்தால், குழாய் மாறிவிட்டதென்று நிறுத்திவைக்கும். என் பழைய ரத்தம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழாயைச் சுழற்றி எடுத்தால் மற்றவர்களுக்கு மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். எனக்குக் கொழுப்பு மிதந்து வெள்ளை வெளேரென்று இருக்கும். ‘பால்காரி வந்தாச்சு’ என்று ஆளாளுக்குக் கேலி. நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்குப் போய் அழுததை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் ஒருநாள் வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். நடமாடும் ரத்தப் பரிசோதனை வண்டிக்கு நான்தான் பொறுப்பாளர். அந்த வேலையைப் பிடுங்கி என்னைக் கோப்பு அறையில் உட்கார வைத்தார்கள். பதினோரு மாதங்களுக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன்.

“வாயைக் கட்டத் துப்பில்லாம வயித்தை வெட்டிக்கிட்டா” என்றாள் அண்ணி.

“வெட்டினது என் வயிறு. உங்களுக்கு ஏன் அண்ணி வலிக்குது?” என்றேன்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர்தான் போன மாதம் புரியும்படி சொன்னார். “எடை குறையறது வெளியில தெரியுது. உள்ள நடக்கறதுதான் பெரிசு. உங்க ரத்தத்துல இருந்த கொழுப்பு, எண்ணெய் சிக்குப் பிடிக்கிற மாதிரி கெட்டு, ரத்தக்குழாயை அரிச்சுக்கிட்டிருந்துச்சு. ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்னு அதைச் சொல்வோம். அது இப்ப பாதியா இறங்கிடுச்சு.”

பழைய வேலைக்கு நான் தகுதியா என்று சொல்லப்போவது மருத்துவக் குழு; இன்று பன்னிரண்டு மணிக்குள் முடிவு அவர்களுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வண்டி வேறொருவருக்கு. மணி அப்போதே பத்து.

நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன்.

“சார், அது என் ரத்தம்தான். கையெழுத்துப் போடுங்க.”

“கோவப்படாதீங்கம்மா. அறுநூத்து நாப்பது இருந்த கொழுப்பு நூத்துப் பதினெட்டுன்னு காட்டுது. நீங்க இன்னும் தொண்ணூத்தி நாலு கிலோ. நம்பற மாதிரியா இருக்கு?”

“அப்போ உங்க கையாலயே எடுங்க. எடுத்ததுலேருந்து முடியற வரைக்கும் குழாயை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க.”

எடுத்தார். “இயந்திரமும் கோளாறா இருக்கலாம். என் ரத்தத்தையும் கூட வெச்சுப் பார்ப்போம். நான் அம்பத்தெட்டு கிலோ. எனக்குச் சரியாக் காட்டினா இயந்திரம் சரி” என்றவர், சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒல்லியாக இருப்பதால் தன் ரத்தமே அளவுகோல் என்று நினைக்கிற மனுஷன்!

“காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா சார்? சாப்பிட்டிருந்தா கொழுப்பு ஏறிக் காட்டும்.”

“நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான். மத்தியானம்தான் வாயைத் திறப்பேன்.”

அவர் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். குழாய்களில் பேரை அவரே ஒட்டினார். ரத்தம் உறைய அரை மணி நேரம், சுழல பத்து நிமிஷம். சுழற்றும் இயந்திரம் நின்றதும் மூடியைத் திறந்து அவரே குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

ஒன்று தெளிவு. இன்னொன்று வெள்ளை.

“பார்த்தீங்களா, நான் சொல்லலை?” என்று வெள்ளைக் குழாயை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“அதுல ஒட்டியிருக்கிற பேரைப் படிங்க சார்.”

படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். பிறகு என் தாளில் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மணி பதினொன்றேகால்.

“இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

“சொல்ல மாட்டேன் சார். நாளைக்கே இதய டாக்டரைப் பாருங்க. உங்களை யாரும் கேலி பண்ண நான் விட மாட்டேன். எனக்கு அப்போ அப்படித் தடுக்க ஒருத்தர்கூட இல்லை.”

தாளை எடுத்துக்கொண்டு மருத்துவக் குழுவின் அறைக்கு நடந்தேன்.