ஜெர்மனில் ஒரு வரவேற்புரை

பேச்சின் பாதியில்தான் ஜெஸ்லின் அண்ணனைப் பார்த்தாள். ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தின் பின்வாசலில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஜோஸ்வின் நின்றிருந்தான். இந்நேரம் கடையில் இருக்க வேண்டியவன்.

அவள் வாய் நிற்கவில்லை. நர்சிங் முடித்த பெண்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆள் எடுக்க வந்த ஜெர்மன்காரர்கள் தாமதமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளிடம் படிக்கும் பெண்கள் ஓரமாக இருந்து, அவள் ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் மூச்சு விட்டார்கள். மனப்பாடம் செய்த பேச்சு. ஓரிடத்தில் விட்டால் மறுபடி பிடிக்க வராது.

ஜோஸ்வின் கையைத் தூக்கிக் காட்டினான். நிறுத்து என்கிறானா, பேசு என்கிறானா?

அம்மாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்தாள். காலையில் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மாதான். சர்க்கரை, பிரஷர், போன வருஷம் ஆஸ்பத்திரி. உள்ளே அம்மா அம்மா என்று ஓடிக்கொண்டிருக்க, வாய் காவிரியின் பெருமையை ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல இருந்தது. கைதட்டல் எழுந்தபோதுதான் முடித்துவிட்டது தெரிந்தது.

இறங்கி ஓடப்போனவளை முன்வரிசைப் பெண்மணி ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். நரைத்த தலை, சிரித்த முகம். அவள் வீட்டைப் பற்றி ஜெர்மனில் விசாரித்தார். அப்பா என்ன செய்கிறார்?

"பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். நன்றாக இருக்கிறார்." அவரது மொழியிலேயே சொன்னாள். கண் மட்டும் வாசலில் இருந்தது.

"ஒரு பிழைகூட இல்லை" என்று அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"அம்மாவுக்கு என்னண்ணே?" பின்வாசலுக்கு ஓடிவந்து கேட்டாள்.

"அம்மாவா?" ஜோஸ்வின் விழித்தான். "அம்மா நல்லாத்தான் இருக்கு. அப்பா... பஸ் ஸ்டாப்புல உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள... உனக்கு எத்தன தடவ போன் அடிச்சேன்."

"அப்பாவுக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றாள், அவன் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல.

பைக் பாலத்தில் ஏறியபோது கேட்டாள். "கையைக் காட்டினியே, நிறுத்தச் சொன்னியா?"

"கையைக் காட்டினேனா? தெரியலையே."

பொன்மலை வீட்டில் அம்மா கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் ஜெஸ்லினுக்குக் குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. என்ன மனசு இது என்று அவளுக்கே புரியவில்லை. அதற்குப் பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். அப்பா இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் இருந்தார்.

"பேசி முடிச்சியா?" என்றாள் அம்மா.

"ம்."

"அங்கதான் கெளம்பினாரு. பின்னாடி உக்காந்து கேட்டுட்டு சத்தமில்லாம வந்துர்றேன், அவகிட்ட சொல்லாத, பயந்துக்குவான்னாரு. உங்களுக்கு அதுல என்னங்க புரியும்னேன். கேக்குறதுக்குப் புரியணுமான்னாரு."

ஜெஸ்லின் அந்த நீலச் சட்டையையே பார்த்தாள்.

"அப்படி என்னடி பேசின?"

"வந்தவங்களுக்கு நன்றின்னு..." தமிழில் சொல்லத் தொடங்கினாள். நம்ம ஊர்ல காவிரி ஓடுதுன்னு. அடுத்த வரி வரவில்லை. ஜெர்மனிலும் வரவில்லை. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் உள்ளே வர, வழிவிட்டு வாசலுக்கு வந்தாள். வந்தவர்களின் செருப்புகள் படியோரம் சேர ஆரம்பித்திருந்தன. நடுவில் அப்பாவின் கறுப்பு ஷூ, பாலிஷ் போட்டது. லேஸை அவிழ்க்காமல் யாரோ இழுத்துக் கழற்றியிருந்தார்கள்.

படியில் உட்கார்ந்து ஒன்றை மடியில் எடுத்து வைத்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பினாள்.