தராசில் ஏறிய ஒரு மணி நேரம்

ஆண்டுக்கு ஒருமுறை ஐரோப்பாவிலிருந்து ஒரு மணி நேரம் திருப்பூருக்கு வரும். அதையும் உள்ளூர் மணி நேரம் ஒன்றையும் தராசில் வைப்பார்கள். எந்த ஊர் மணி நேரம் இலேசாக இருக்கிறதோ, அந்த ஊர் அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையை மற்ற ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். திருப்பூர் ஜெயித்ததே இல்லை. அந்த ஒரு வாரம் மட்டும் சனிக்கிழமை முடிந்ததும் திங்கட்கிழமை வந்துவிடும். கறிக்கடைக்காரர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை துளசிமணிக்குக் கல்யாணம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். முப்பத்தாறு வயதில், புரோக்கர்கள் எல்லாம் கைவிட்ட பிறகு, சாயப்பட்டறை குமாரசாமியைத் தானே பார்த்துப் பிடித்து, பத்திரிகையும் கொடுத்து முடித்துவிட்டாள். எடை போடும் தேதி அப்புறம்தான் தெரிந்தது. இந்த முகூர்த்தத்தை விட்டால் தை மாதம்தான் என்று ஜோசியர் கையை விரித்துவிட்டார். தை வரைக்கும் பொறுக்க அவளுக்குத் தெம்பில்லை. காத்திருந்தது போதாதா?

ஐரோப்பாவின் மணி நேரத்தை மரப்பெட்டியில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தவர் அனெலீஸ் அம்மா. பெட்டியைத் திறந்தார்கள். அடேயப்பா! என்ன அடர்த்தி! அதற்குள் ரயில்கள் சொன்ன நேரத்துக்கு ஓடின. மெஷினுக்கு மெஷினே வேலை சொன்னது. மொத்தமே நாலு பேர், அவர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வைத்த வேகத்தில் தட்டு தரையைத் தொட்டது.

எதிர்த் தட்டில் துளசிமணியின் தையல் லைன் காலையில் தைத்த மணி நேரத்தைச் சாக்கோடு வைத்தார்கள். ஒரு லைன் முழுக்க முதுகு ஒடியத் தைத்த நேரம். பஞ்சுப் பொதி மாதிரி மேலேயே தொங்கியது.

"என்னம்மிணி, இந்த வாட்டியும் போச்சா?" என்றார் மேனேஜர் ரங்கசாமி.

"முள்ளு இன்னும் நிக்கலீங்க சார்." துளசிமணிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். "நாங்க என்ன ஊர்க்கதை பேசிட்டா உக்காந்திருந்தோம்?"

அப்போது கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருந்தார். தராசு இருக்கிற இடத்தில் கரண்ட் போனால், தராசில் இருப்பவற்றுக்கும் போய்விடும். ஐரோப்பிய மணி நேரத்துக்குள் ரயில்கள் நின்றன. மெஷின்கள் அணைந்தன. அந்த நாலு பேரும் எழுந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வதென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பாவம்.

சாக்குக்குள்ளும் இருட்டுத்தான். ஆனால் கரண்ட் போனால் பிசிறு வெட்டுவது நம்ம ஊர்ப் பழக்கம். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சாக்குக்குள் இருந்த கைகள் கத்திரியைத் தேடி எடுத்தன. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தைத்த பனியன்களில் தொங்கும் நூல் பிசிறுகளைக் கிரீச் கிரீச்சென்று வெட்ட ஆரம்பித்தன. சிலர் மடித்தார்கள். சிலர் லேபிள் கட்டினார்கள். தட்டு ஒரு விரற்கடை இறங்கியது.

"வெட்டுங்கடி! வெட்டுங்க!" துளசிமணி சாக்கைப் பார்த்துக் கத்தினாள்.

தட்டு இறங்கியது. இன்னும் இறங்கியது. ணங்கென்று தரையில் உட்கார்ந்தது. கம்பெனி முழுக்க விசில் பறந்தது. ரங்கசாமி, அந்த உம்மணாமூஞ்சி ரங்கசாமி, துண்டைச் சுழற்றி ஆடினார். துளசிமணி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

அனெலீஸ் அம்மா முள்ளைப் பார்த்துத் தலையசைத்தார். "எங்க ஞாயிற்றுக்கிழமை திங்கட்கிழமை காலையில வந்து சேரும்," என்றார். பிறகு, கல்யாணத்துக்கு என்ன கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டார்.

கல்யாணம் நம்ம ஊர் ஞாயிற்றுக்கிழமையிலேயே ஜாம்ஜாமென்று நடந்தது.

மறுநாள் ஐரோப்பாவின் ஞாயிற்றுக்கிழமையை லாரியில் கொண்டுவந்து அவிநாசி ரோட்டிலிருந்து விரித்தார்கள். கடைகள் தாமாகவே ஷட்டரை இறக்கிக்கொண்டன. திருட்டுத்தனமாக மெஷினைப் போட்டுப் பார்த்த முதலாளிகளுக்கு ஊசி அசையவில்லை. துளசிமணி மத்தியானம்வரைக்கும் தூங்கினாள். பதறி எழுந்து கூந்தலை முடிந்தபோது, மாடியிலிருந்து குமாரசாமியின் அம்மா இறங்கி வந்தார்.

"எதுக்குக் கண்ணு எந்திரிக்கறே? மேல அவங்க ஊருப் பனி முழங்கால் அளவு கொட்டிக் கெடக்குது. வடகத்தை உள்ள எடுத்து வெச்சுட்டேன். நீ தூங்கு."