பாதிக் கிண்ணம்

எங்கள் கம்பெனி செய்வது தானாகவே தேநீர் ஊற்றும் சமோவார். மேசையில் ஒவ்வொருவர் கிண்ணத்துக்கும் அடியில் எடை அறியும் தட்டு இருக்கும். கிண்ணத்தை வைக்கிற தோரணையிலேயே ஆளைத் தெரிந்துகொண்டு, அவரவருக்குப் பிடித்தபடி பால் கலந்து ஊற்றும். அதன் புரோகிராம் என் கைவேலை. என் மாமியாருக்கு மட்டும் இதில் நம்பிக்கையில்லை. "பாதிக்கு மேல ஊத்துச்சுன்னா தூக்கி வெளிய போட்ருவேன்" என்றார்.

நியாயம்தான். இங்கே அல்மாட்டியில் பாதிக் கிண்ணம்தான் மரியாதை. தீரத் தீர ஊற்ற வேண்டும். நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அதனால் பாதியைத் தாண்டவே கூடாது என்று புரோகிராமின் அடியில் பூட்டுப் போட்டேன். நானே நினைத்தாலும் வீட்டிலிருந்து அதைத் திறக்க முடியாது.

பனிக்காலத்தில் என் கணவர் ஒராஸ் மலைச்சாலையில் கார் கவிழ்ந்து இறந்துபோனார். நாற்பதாம் நாள் விருந்து முடிந்த மறுநாள் காலை, அவர் இடத்தில் இருந்த வெறும் கிண்ணத்தில் சமோவார் தேநீர் ஊற்றியது. பாதி. பால் தூக்கலாக, அவருக்குப் பிடித்த மாதிரி.

முதலில் நடுங்கினேன். அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். அலுவலகத்துக்கு முழுக்குப் போட்டேன். தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. பகலெல்லாம் அந்தக் கிண்ணத்தின் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

கூட வேலை பார்க்கும் தெமிர்லான் ஒருநாள் மடிக்கணினியோடு வந்து நின்றான்.

"ஷொல்பான் அக்கா, எல்லா சமோவாருக்கும் புது புரோகிராம் போயாச்சு. உங்களோடது மட்டும் முறுக்கிக்கிட்டு நிக்குது."

"நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். அதைப் போட்டா பழகின ஆளுங்களை எல்லாம் மறந்துடும். அவரையும்."

"தட்டு பழுதுக்கா. குளிர்ல எடை தப்பாக் காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தட்டை எப்பவோ மாத்திட்டேன்டா."

அவன் மடிக்கணினியை மேசையில் வைத்தான். பிறகு மெதுவாக, "கண்ணாடில மூஞ்சியப் பாத்தீங்களாக்கா? வெளிய போயி எவ்வளவு நாளாச்சு?" என்றான்.

"வந்தியா, டீ குடிச்சியா, கிளம்புனியான்னு இரு."

அவன் முன்னும் என் முன்னும் கிண்ணம் வைத்தேன். அவனுக்குப் பாதி ஊற்றியது. அப்போது எதிர்ப்பக்கம் டொக் டொக் என்று கேட்டது. ஒராஸ் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டித்தான் வைப்பார். அங்கே யாருமில்லை.

சமோவார் என் கிண்ணத்துக்குத் திரும்பியது. பாதி வந்தது. நிற்கவில்லை. விளிம்பு வரை ஏறி, ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது.

"பூட்டை எடுத்துட்டீங்களா அக்கா?"

"இல்லடா."

அவன் கேபிளை மாட்டிப் பார்த்தான். பூட்டு போட்டபடியே இருந்தது. அவன் உதடு வெளுத்துவிட்டது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் எனக்கு நிறைத்து ஊற்றியதில்லை. நாக்குச் சுடச்சுட முழுவதையும் குடித்தேன். எழுந்து கோட்டை மாட்டினேன்.

"புதுசைப் போட்டுடு தெமிர்."

"நீங்க எங்கக்கா போறீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு."

வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஒராஸின் கிண்ணம் தட்டின் மேல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. குடித்தது போதும் என்றால் நாங்கள் அப்படித்தான் வைப்போம்.